நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பள்ளிக்கூடம்

(குடியரசு நாளை ஒட்டி வானொலியில் வழங்கிய மறையுரை)



ஜனவரி 26 அன்று நாடு குடியரசு நாளைக் கொண்டாடுகிறது. அதே நாளில் திருச்சபை, தூய பவுலின் உடன் உழைப்பாளர்களான திமொத்தேயுவையும் தீத்துவையும் நினைவுகூருகிறது. நாள்காட்டியில் தற்செயலாக அமைந்த பொருத்தம்தான். ஆனாலும் திமொத்தேயுவுக்குப் பவுல் எழுதிய இரண்டாம் திருமுகத்தை இந்த நாளில் வாசிக்கும்போது நம் மனம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. திமொத்தேயுவின் நம்பிக்கை முதலில் அவருடைய பாட்டி லோயியிடமும் தாய் யூனிக்கியிடமும் இருந்தது என்கிறார் பவுல். பிறகு, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட நற்செல்வத்தைக் காக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறார். ஒப்படைக்கப்பட்ட பொருளுக்கு நாம் காவலர்கள்தாம். கொடுத்தவருக்கும், யாருக்காகக் கொடுக்கப்பட்டதோ அவர்களுக்கும் நாம் கணக்குச் சொல்ல வேண்டும்.

நம் அரசியலமைப்புச் சட்டமும் நம்மிடம் ஒரு செல்வத்தை ஒப்படைத்திருக்கிறது. அது 29, 30 ஆகிய பிரிவுகளில் உள்ளது. தனக்கென ஒரு மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய மக்கள் அதைப் பேணிக் காக்கலாம் என்கிறது 29-ஆம் பிரிவு. அரசு நடத்துகிற, அல்லது அரசின் நிதியுதவி பெறுகிற கல்வி நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. மதச் சிறுபான்மையினரும் மொழிச் சிறுபான்மையினரும் தாங்கள் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்தலாம் என்பது 30-ஆம் பிரிவு. சிறுபான்மையினர் நடத்துகிறார்கள் என்பதற்காக நிதியுதவியில் பாகுபாடு காட்டக் கூடாது என்பதும் அதில் உண்டு. உரிமையும் கடமையும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன.

இந்த வரிகள் எப்படி வந்தன? அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 அன்று முதன்முறையாகக் கூடியது. அடுத்த ஆண்டே நாடு இரண்டாகப் பிரிந்தது. ரத்தம் சிந்திய அந்த மாதங்களில், சிறுபான்மையினரின் உரிமைகளை வகுக்கும் ஆலோசனைக் குழுவுக்கு சர்தார் வல்லபாய் படேல் தலைமை தாங்கினார். அதன் சிறுபான்மையினர் துணைக்குழுவின் தலைவர் எச். சி. முகர்ஜி. வங்காளத்துக் கிறிஸ்தவரான இவர் அரசியல் நிர்ணய சபையின் துணைத்தலைவராகவும் இருந்தார். சென்னை மாகாணத்திலிருந்து சபைக்குச் சென்றவர்களில் ஒருவர் இயேசு சபைக் குரு ஜெரோம் டி'சூசா. மங்களூரில் பிறந்த இவர் அப்போது சென்னை லயோலா கல்லூரியின் முதல்வர்.

ஆங்கிலேயர் ஆட்சியின் 1935-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளைத் தந்திருந்தது. சுதந்திர இந்தியாவில் அந்த முறை வேண்டாம் என்று முடிவானது. மதச் சிறுபான்மையினருக்குச் சட்டமன்றங்களில் ஒதுக்கவிருந்த இடங்களையும் 1949 மே மாதத்தில் சபை கைவிட்டது. ஆலோசனைக் குழுவில் அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் முகர்ஜியே. நம் முன்னோர் சட்டமன்ற நாற்காலிகளை விட்டுக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் நடத்தும் உரிமை நிலைத்தது. பெரும்பான்மைச் சகோதரர்களின் நல்லெண்ணத்தை நம்பி எடுத்த முடிவு அது.

அந்த நல்லெண்ணம் எங்கிருந்து வந்தது? 1948 டிசம்பர் 6 அன்று, மதத்தைப் பரப்பும் உரிமை பற்றிய விவாதத்தில் சென்னையைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி பேசினார். ஏறத்தாழ 14 ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்களில் படித்த தம்மை மதம் மாற்ற எந்த முயற்சியும் நடக்கவில்லை என்று சாட்சி சொன்னார். நம் வகுப்பறையில் உட்கார்ந்திருந்த ஓர் இந்து மாணவர், பின்னாளில் நாட்டின் சட்டம் எழுதப்படும் இடத்தில் நமக்காகப் பேசினார். பிறர் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்து வைத்த பெயர் தெரியாத ஆசிரியர்கள்தாம் அந்த நல்லெண்ணத்தைச் சம்பாதித்துத் தந்தவர்கள்.

இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 8 அன்று, டாக்டர் அம்பேத்கர் பண்பாட்டு உரிமைகளுக்கான வரைவுப் பிரிவை விளக்கினார். சிறுபான்மை என்ற சொல்லைக் குறுகிய பொருளில் கொள்ளவில்லை என்று சொல்லி, சென்னையிலிருந்து பம்பாய்க்குப் போய்க் குடியேறுகிறவர்களை எடுத்துக்காட்டாகச் சொன்னார். அவர்களும் தங்கள் மொழியையும் பண்பாட்டையும் காக்கும் உரிமை உடையவர்களே என்றார். ஆக, இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய சலுகை என்று நாம் எண்ணினால் அது தவறு. பிழைப்புத் தேடி வெளிமாநிலம் போன நம் உறவினர் தம் பிள்ளைக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க விரும்பினால், அவருக்கும் இதே உரிமைதான் துணை.

எழுத்தில் இருந்த உரிமை விரைவில் சோதனைக்கு உள்ளானது. 1957-இல் கேரள அரசு ஒரு கல்வி மசோதாவைக் கொண்டுவந்தது. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு முறையான சம்பளமும் பணிப் பாதுகாப்பும் தருவது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆசிரியர்களின் குறை உண்மையானது. நம் பள்ளிகளிலும் அது இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளி நிர்வாகத்தையே அரசு எடுத்துக்கொள்ளவும் மசோதா வழி செய்தது. குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958 மே மாதம் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் கருத்தை வழங்கினார். நிதியுதவிக்கு விலையாகச் சிறுபான்மையினர் தங்கள் உரிமையை ஒப்புக்கொடுக்கத் தேவையில்லை என்றது நீதிமன்றம். அதே மூச்சில், நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்றும் எச்சரித்தது.

1974-இல் அகமதாபாத் தூய சவேரியார் கல்லூரி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் இந்த உரிமையை மேலும் உறுதிப்படுத்தினார்கள். சிறுபான்மையினரைச் செல்லப்பிள்ளைகளாக்குவது இதன் நோக்கம் இல்லை, அவர்களுக்குப் பாதுகாப்பு உணர்வைத் தருவதே நோக்கம் என்று நீதிபதி எச். ஆர். கன்னா தெளிவுபடுத்தினார்.

நீதிமன்றத்தில் நாம் பலமுறை வென்றிருக்கிறோம். இனி, நாமே கணக்குச் சொல்ல வேண்டிய ஒரு நிகழ்வைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாதம், எங்கள் பங்கு இல்லத்து வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். வீட்டு வேலை செய்கிறவர், தலித் கிறிஸ்தவர். மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கக் கிறிஸ்தவப் பள்ளி ஒன்றுக்குப் போயிருக்கிறார். பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, இடம் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். "நம்ம பள்ளிக்கூடம், நம்ம உரிமைன்னு பூசையில சொன்னீங்களே சாமி, அந்த 'நம்ம'ல நாங்க இருக்கோமா?" என்று கேட்டார். நாங்கள் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். இடம் கிடைக்கவில்லை. நேரில் போய்க் கேட்டிருக்கலாம். திருவிழா வேலை என்று இருந்துவிட்டோம். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நாங்கள் பதில் சொல்லவில்லை.

அந்தத் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவர் என்ற காரணத்தால் அவருக்குப் பட்டியல் சாதியினருக்கு உரிய உரிமைகள் இல்லை. கிறிஸ்தவர் என்பதால் அரசின் ஒரு கதவு மூடியிருக்கிறது. கிறிஸ்தவர்கள் நடத்தும் பள்ளியின் கதவும் மூடினால் அவர் எங்கே போவார்? மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கும், கட்டணம் கட்ட இயலாத பிள்ளைக்கும் இடம் இல்லாத பள்ளியைக் காக்கவா நம் முன்னோர் நாற்காலிகளை விட்டுக்கொடுத்தார்கள்? 1965-இல் கிறிஸ்தவக் கல்வி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடும் இதைத்தான் சொல்கிறது: கத்தோலிக்கப் பள்ளிகள் ஏழைகளையும், குடும்பத்தின் ஆதரவு இல்லாதவர்களையும், நம் நம்பிக்கையைச் சேராதவர்களையும் தனிக் கவனத்துடன் பேண வேண்டும்.

உரிமையைக் காக்க வழக்கறிஞர்கள் தேவை; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நல்லெண்ணத்தை எந்தத் தீர்ப்பாலும் வாங்கித் தர முடியாது. நம் பள்ளியில் படித்த பிள்ளைகள்தாம் நாளை நமக்குச் சாட்சிகள். அவர்கள் என்ன சொல்வார்கள் என்பது இன்று நாம் யாரைச் சேர்க்கிறோம், எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆகவே ஒரு சிறு வேண்டுகோள். வருகிற மே மாதத்தில் ஒவ்வோர் அன்பியத்திலும் பள்ளியில் சேர வேண்டிய பிள்ளைகளின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அடுத்த வீட்டு இந்து, முஸ்லிம் பிள்ளைகளையும் சேர்த்தே எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு பங்குப் பேரவை பள்ளித் தாளாளரை நேரில் சந்திக்கட்டும். இம்முறை கடிதம் கொடுத்து அனுப்ப மாட்டோம். நாங்களும் உடன் வருகிறோம்.

ஒப்படைத்ததைக் காக்கும் மனத்தையும், காத்ததைப் பகிரும் மனத்தையும் இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.