வாவிக்கரைக்கு வேண்டிய புகையிரதப் பாதை

மட்டக்களப்புடன் முடிவடையும் புகையிரதப் பாதையைக் கல்முனைக்கும் அங்கிருந்து பொத்துவிலுக்கும் நீடிக்க வேண்டுமென்ற கோரிக்கை புதியதன்று. தேர்தல் மேடைகளில் பலமுறை ஒலித்த அது, இன்றுவரை வாக்குறுதியாகவே இருந்து வருகின்றது.

மாகோவில் வடபாதையிலிருந்து பிரிந்து, பொலன்னறுவை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக 1920களின் பிற்பகுதியில் மட்டக்களப்பை வந்தடைந்தது இப்பாதை. ஏறத்தாழ நூறாண்டுகள் கழிந்தும், அதற்குத் தெற்கே பயணிகள் புகையிரதம் எட்டிப் பார்க்கவில்லை.

ஆனால், மக்கள் செறிந்து வாழ்வது அத்தென்திசையிலேதான். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது எனத் தமிழ், முஸ்லிம் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டபடி அமைந்துள்ளன. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரையான ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்துக்கும் பிரதான வீதி ஒன்றே துணை. அரசாங்க உத்தியோகத்தர், மாணவர், வியாபாரிகள், போதனா வைத்தியசாலையை நாடும் நோயாளர் அனைவரும் அவ்வீதியையே நம்பியுள்ளனர்.

பாதை அமைப்பதிலுள்ள இடர்களை நாம் மறைக்கவில்லை. எழுவான்கரை வழியே அமைத்தால் மக்களுக்கு அண்மையில் நிலையங்கள் அமையும். எனினும் வீடுகளும் வழிபாட்டுத் தலங்களும் குறுக்கிடும். படுவான்கரை வழியே அமைத்தால் வெற்று நிலம் கிடைக்கும். ஆயினும் அது மாரியில் வெள்ளம் தேங்கும் வயல்நிலம். போதிய மதகுகளும் பாலங்களுமின்றி அணைபோல மண்மேடு எழுப்பினால், வாவியை நோக்கி வடியும் நீர் மறிக்கப்பட்டு விளைச்சல் அழியும். எழுவான்கரை மக்களும் நிலையத்தை அடைய வாவியைக் கடக்க வேண்டிவரும்.

இவற்றினும் பெரிய இடர் காணி பற்றியது. போர் 2009 இல் முடிவுற்றபோதும், இரு சமூகங்களுக்குமிடையே காணி என்ற சொல் ஐயத்தையே எழுப்புகின்றது. யாருடைய ஊரில் நிலையம், யாருடைய வளவு பறிபோகும் என்ற வினாக்களுக்கு மூடிய அறைக்குள் விடை காணப்படுமாயின், இணைக்க வந்த பாதையே பிரிக்கும் பாதையாகிவிடும். இரு வழிகளையும் ஒப்பிடும் ஆய்வறிக்கையும் வரைபடமும் முதலில் தமிழில் வெளியிடப்பட வேண்டும். கோவில், பள்ளிவாசல் நிருவாகத்தினர், விவசாயிகள், மீனவர் ஆகியோரின் கருத்துகள் கேட்கப்பட வேண்டும். நட்டஈடு வழங்கப்பட்ட பின்னரே காணி சுவீகரிக்கப்பட வேண்டும்.

மாத்தறையிலிருந்து பெலியத்தைக்கு ஏறத்தாழ 27 கிலோமீற்றர் பாதை 2019 ஏப்ரலில் திறக்கப்பட்டது. 2013 இல் தொடங்கிய அப்பணிக்கு ஆறாண்டுகள் அளவில் சென்றன. அதுவும் வெளிநாட்டுக் கடனிலேயே நிறைவேறியது. ஆகவே, நமது பாதை ஓரிரு ஆண்டுகளில் வந்துவிடும் என்று சொல்வோரை மக்கள் நம்பத் தேவையில்லை.

ஆயினும், இன்றே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. வாழைச்சேனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே பாதை ஏற்கனவே உள்ளது. அதன் நேர அட்டவணையோ பெரிதும் கொழும்புப் பயணிகளை முன்னிறுத்தியது. காலையில் அலுவலக, பாடசாலை நேரத்துக்கும் மாலையில் வீடு திரும்பும் நேரத்துக்கும் சிறு வண்டிகளை அதில் ஓடவிடப் புதிய தண்டவாளம் தேவையில்லை. அடுத்து, தெற்கு நோக்கிய வழி தீர்மானிக்கப்பட்டதும் அதற்குரிய நிலம் வரையறுக்கப்பட்டு, புதிய கட்டடங்கள் எழாது காக்கப்பட வேண்டும். காலம் தாழ்த்துந்தோறும் இடிக்க வேண்டிய வீடுகளே பெருகும்.

வாவியின் இரு கரைகளிலும் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் தத்தம் ஊருக்கென்றன்றி ஒரே குரலில் இதனைக் கேட்க வேண்டும். தனித்தனியே கேட்கும்வரை, இரு சாராருக்கும் கிடைப்பது வாக்குறுதி மட்டுமே என்பதை வலியுறுத்திக் கூற விரும்புகின்றோம்.