கேள்வி கேட்டே வாழ்ந்த லாரன்ஸ் கின்னல்

அயர்லாந்தின் விடுதலைப் போர் என்றதும் டி வலேரா, மைக்கல் காலின்ஸ் ஆகிய பெயர்களே நம் நினைவுக்கு வரும். அந்த வரிசையில் மறக்கப்பட்ட ஒருவர் லாரன்ஸ் கின்னல். வெஸ்ட்மீத் வட்டாரத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, சுயமாகப் படித்து வழக்கறிஞரானவர்.

1903ஆம் ஆண்டின் நிலச் சட்டம் குத்தகை விவசாயிகள் நிலம் வாங்க வழி செய்தது. ஆனால், பரந்த புல்வெளிகள் 11 மாதக் குத்தகையில் மாட்டுப் பண்ணைக்காரர்களிடமே இருந்தன. துண்டு நிலம்கூட இல்லாத ஏழைகள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். 1906இல் நாடாளுமன்ற உறுப்பினரான கின்னல், அவர்களுக்கு ஒரு வழி சொன்னார். துப்பாக்கி வேண்டாம், கம்பு போதும். இரவோடிரவாக மாடுகளை மேய்ச்சல் நிலத்திலிருந்து விரட்டி விட்டால் பண்ணைக்காரர் தாமே விலகுவார் என்றார். இதற்காகச் சிறையும் சென்றார்.

சொந்தக் கட்சியையும் அவர் விட்டு வைக்கவில்லை. கட்சியின் கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டார். 1909இல் கட்சி அவரை நீக்கியது. மக்களோ 1910 தேர்தலில் அவரையே மீண்டும் அனுப்பினார்கள். 1916 எழுச்சித் தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, லண்டன் நாடாளுமன்றத்திலேயே அதைக் கொலை என்று சாடியவர் அவர்.

1917இல் அந்த அவையைத் துறந்து சின் ஃபெயின் இயக்கத்தில் சேர்ந்தார். 1919இல் அமைந்த ஐரிஷ் மக்களவையில் பிரசாரத் துறையை ஏற்றார். பின்னர் அமெரிக்காவிலும் அர்ஜென்டினாவிலும் தம் நாட்டுக்காகப் பேசினார்.

பிரிட்டனுடன் 1921இல் கையெழுத்தான ஒப்பந்தத்தை அவர் ஏற்கவில்லை. 1922 செப்டம்பரில் புதிய அவை கூடியபோது, ஒப்பந்தத்தை எதிர்த்த மற்ற உறுப்பினர்கள் புறக்கணித்தார்கள். கின்னல் மட்டும் உள்ளே சென்றார். 'இது அயர்லாந்து முழுமைக்குமான அவையா?' என்பதே அவர் எழுப்பிய கேள்வி. பதில் கிடைக்காமல் பதிவேட்டில் கையெழுத்திட மறுத்தார். அவரை வெளியேற்றினார்கள்.

1923 ஏப்ரலில், உள்நாட்டுப் போர் முடியும் முன்பே, வாஷிங்டனில் அவர் காலமானார். தோற்ற அணியில் நின்று அந்நிய மண்ணில் மறைந்தவரை வரலாறு எளிதில் மறந்து விடுகிறது. அவர் கேட்ட கேள்வி மறையவில்லை. அயர்லாந்து ஒன்றாக வேண்டுமா என்பது இன்றும் அங்கே விவாதப் பொருள்தான்.

பதவியில் இருப்போரைப் பாராட்டப் பலர் உண்டு நேயர்களே. கணக்கைக் கேட்பவர் ஒருவராவது வேண்டுமல்லவா?