ஒன்பது மார்க் போட்டவர் எதுல விளையாடினார்?

போன வருஷம் நாங்கள் ஆறு பேர் காசு சேர்த்து, ஹட்டன் டவுனில் ஒரு செகண்ட் ஹேண்ட் கேம் டிஸ்க் வாங்கினோம். பேர் வேண்டாம். பத்துக்கு ஒன்பது என்று விமர்சனத்தில் போட்டிருந்தார்கள், அதை நம்பித்தான். பொகவந்தலாவைக்குக் கொண்டுவந்து, லயத்தில் இருந்த பழைய ப்ளேஸ்டேஷன் 4இல் போட்டால், படம் நின்று நின்று ஓடுது. "ஒன்பது போட்டவன் எதுலடா விளையாடினான்?" என்று ஒருத்தன் கேட்டான். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடினதுதான் இது.

மார்க் போடுறது நமக்குப் புதுசு இல்ல. 1977இல் '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் நூற்றுக்கு 62.5 கொடுத்தது. அங்கே அது மிகப் பெரிய மார்க். அதே 62ஐ ஒரு கேமுக்குப் போட்டால் கடையில் அது தூசி பிடிக்கும். எல்லா விமர்சனத்தையும் சேர்த்து சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக் 2001இல் வந்தது. அதில் படத்துக்கு 61 இருந்தாலே பச்சை நிறம். கேமுக்கு 75 வேணும். ஓ.எல்.லில் 35 எடுத்து S வாங்கினவனை பாஸ் என்று சொல்ற ஊர்க்காரங்க நாம. கேம் உலகத்தில் 70 என்றாலே 'சுமார்'.

ஆரம்பத்தில் இப்படி தாராளமாகக் கொடுக்கவில்லை. ஜப்பானின் ஃபாமிட்சு பத்திரிகை 1986இல் தொடங்கியது. நாலு பேர் தனித்தனியாகப் பத்துக்குப் போடுவார்கள், மொத்தம் 40. முதல் முழு மார்க் 1998இல், ஒரு செல்டா கேமுக்கு. அதற்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட கேம்கள் 40 வாங்கிவிட்டன. இங்கிலாந்தின் எட்ஜ், 1993இல் தொடங்கி 1996இல்தான், சூப்பர் மாரியோ 64க்கு, முதல் பத்தைக் கொடுத்தது. எட்ஜில் ஐந்து என்றால் உண்மையிலேயே நடுத்தரம்.

விளம்பரத்தில் ஓடுகிற தளங்களின் நிலைமை வேற. 2007இல் கேம்ஸ்பாட்டின் ஜெஃப் கெர்ஸ்ட்மன், 'கேன் அண்ட் லின்ச்' கேமுக்கு 6 போட்டார். அதே கேமின் விளம்பரம் அந்தத் தளம் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய வேலை போனது. அந்த மார்க்கும் அதற்கு ஒரு காரணம் என்பதை 2012இல்தான் அவரால் வெளியில் சொல்ல முடிந்தது.

மார்க்கால் சம்பளமும் ஆடும். 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' செய்த அப்சிடியன் நிறுவனத்துக்கு மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று பேச்சு. வந்தது 84. எந்தப் பத்திரிகையின் மார்க்குக்கு எவ்வளவு எடை என்பதை மெட்டாக்ரிட்டிக் வெளியில் சொல்றதில்லை. கொழுந்து மடுவத்தில் தராசு முள்ளைப் பார்க்கவிடாமல் கிலோ எழுதினால் எங்க அம்மாமார் சும்மா இருப்பாங்களா?

எங்கள் கேள்விக்கு நேராகப் பதில் தந்தது 'சைபர்பங்க் 2077'. 2020 டிசம்பர் 10 வெளியீடு. அதற்கு முன்னாடி விமர்சகர்களுக்குக் கிடைத்தது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும், அதுவும் பெரும்பாலும் விலை கூடின மெஷின்களில். ஐ.ஜி.என். அதற்கு 9 போட்டது, கேம்ஸ்பாட் 7. பிறகு ப்ளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பதிப்புகளை விளையாடிப் பார்த்த அதே ஐ.ஜி.என். போட்டது 4. ஒரே கேம், ஒரே தளம்! ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. ஆனால் முதல் நாளில் பழைய மெஷினுக்காகக் காசு கட்டினவன் பார்த்தது அந்த 9ஐத்தான்.

யூரோகேமர் 2015இல் மார்க்கையே நிறுத்தியது. 2023இல் ஐந்து நட்சத்திரத்தோடு திரும்பி வந்தது. வாசகனுக்கு எண் வேணும்போல.

இனி நாங்கள் எழுதும் விமர்சனங்களில் முதல் வரியிலேயே என்ன மெஷின், எவ்வளவு ராம், சொந்தக் காசா ஓசியா என்று இருக்கும். கீழே மார்க் போடுறதா இல்லையா என்பதில் இன்னும் சண்டை. மூணு பேர் போடணும்கிறாங்க, மூணு பேர் வேண்டாங்கிறாங்க.