'இது எல்லாருக்கும் வராது'

என் அண்ணன் பேத்தி வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவி. போன வாரம் போனில், "இந்த செமஸ்டர் என்னம்மா பாடம்?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டர் கல்வியைப் பத்தி ஆராய்ச்சி செய்றது எப்படின்னு ஒரு பாடம், சின்னத் தாத்தா" என்றாள். கம்ப்யூட்டர் பாடம் கேள்விப்பட்டிருக்கிறேன். அதைச் சொல்லித் தருவதை ஆராய்வதற்கும் ஒரு பாடமா என்று சிரித்தேன். அவள் சில கட்டுரைகளை அனுப்பி வைத்தாள். படித்த பிறகு சிரிப்பு போய்விட்டது. ஏனென்றால் அதில் நானும் இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. குமாஸ்தாக்கள் எல்லாருக்கும் 10 நாள் பயிற்சி. பயிற்சி கொடுக்க வந்தவர் முதல் நாளே பலகையில் 'அ = அ + 1' என்று எழுதினார். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் முசியே கணக்கு வகுப்பில், சமக்குறியின் இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு இருந்தே ஆக வேண்டும் என்று பிரம்பு வைத்துச் சொல்லித் தந்தவர். எழுந்து நின்று, "சார், இது தப்பு" என்றேன். வகுப்பே சிரித்தது. மூன்றாம் நாள் அவர், "இது சிலருக்கு வரும், சிலருக்கு வராது. வராதவங்க டெஸ்பாட்ச் பாத்துக்கலாம்" என்றார். நான் இரண்டு வருடம் டெஸ்பாட்சில் தபால் ஒட்டினேன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரைக் கற்றுத் தரும் யோசனை பழையது. 1967-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சீமூர் பேப்பர்ட்டும் சகாக்களும் லோகோ என்ற மொழியை உருவாக்கினார்கள். பேப்பர்ட் அதற்கு முன் ஜெனீவாவில் குழந்தை உளவியல் அறிஞர் ழான் பியாழேயிடம் வேலை பார்த்தவர். லோகோவில் பழகும் பிள்ளை, யோசிக்கவும் திட்டமிடவும் சேர்த்தே கற்றுக்கொள்ளும் என்பது அன்றைய பெரிய நம்பிக்கை. 1984-ல் நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியைச் சேர்ந்த ராய் பீ, மிடியன் கர்லாண்ட் இருவரும் இதைச் சோதித்தார்கள். ஒரு பள்ளியாண்டு லோகோ படித்த பிள்ளைகளிடமும் படிக்காத பிள்ளைகளிடமும், வகுப்பறை வேலைகளை எந்த வரிசையில் செய்தால் நேரம் மிச்சமாகும் என்று திட்டம் போடச் சொன்னார்கள். இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனாலும் அரசாங்கங்கள் காத்திருக்கவில்லை. 1985 ஜனவரியில் பிரெஞ்சுப் பிரதமர் லொரான் ஃபாபியுஸ் 'எல்லாருக்கும் கணினி' என்ற திட்டத்தை அறிவித்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் பள்ளிகளுக்குப் போயின.

பல்கலைக்கழகங்களிலும் நம்பிக்கைதான் நடந்துகொண்டிருந்தது. 2001-ல் மைக்கேல் மெக்ராக்கென் தலைமையில் சில நாடுகளின் ஆசிரியர்கள் கூடி, முதல் புரோகிராமிங் பாடத்தை முடித்த மாணவர்கள் 216 பேருக்கு, நாலு பல்கலைக்கழகங்களில், ஒரு தேர்வு வைத்தார்கள். 110-க்குச் சராசரி மதிப்பெண் 22.89. எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக் கணக்கில் 20-க்கு 4. பிள்ளைகள் எழுதத் தெரியாமல் தோற்றார்களா, வாசிக்கவே தெரியாமல் தோற்றார்களா என்ற கேள்வி எழுந்தது. 2004-ல் ரேமண்ட் லிஸ்டர் குழு பல நாடுகளில் சோதித்தபோது, எழுதிவைத்த நாலு வரியைப் படித்து அது என்ன செய்யும் என்று சொல்லவே பலர் தடுமாறுவது தெரிந்தது. ஆசிரியர்கள் வாசிக்கக் கற்றுத் தராமல் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்ததுதான் என் கதை. 2006-ல் லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தின் சயீத் தெஹ்னாதியும் ரிச்சர்ட் போர்னாட்டும் ஒரு கட்டுரையைச் சுற்றுக்கு விட்டார்கள். பாடம் தொடங்கும் முன்பே மாணவர்களிடம் அவர்கள் கேட்ட கேள்வி இந்த மாதிரி: அ = 10, ஆ = 20, பிறகு அ = ஆ. இப்போது அ எவ்வளவு, ஆ எவ்வளவு? பதில் சரியா தப்பா என்பது அவர்களுக்கு முக்கியமில்லை. எல்லாக் கேள்விக்கும் ஒரே விதியைப் பிடித்துக்கொண்டு பதில் சொல்கிறாரா என்று பார்த்தார்கள். அப்படிச் சொன்னவர்களுக்குப் புரோகிராமிங் வரும், மற்றவர்களுக்கு வராது, ஒட்டகத்தின் இரண்டு திமில் மாதிரி மாணவர்கள் இரண்டு கூட்டம் என்றது கட்டுரை. அது உலகம் சுற்றியது. எங்கள் பயிற்சியாளர் சொன்னதற்கு அறிவியல் முத்திரை கிடைத்த மாதிரி ஆயிற்று.

2007-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் அதே சோதனையைச் செய்தார்கள். அந்த விடைக்கும் பின்னால் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. 2014-ல் போர்னாட், தான் மிகைப்படுத்தி எழுதியதை ஒப்புக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அதற்குத் துணிச்சல் வேண்டும். எங்கள் காலத்தில் ஒரு மெமோவைக்கூட யாரும் திரும்பப் பெற்றதில்லை.

2016-ல் எலிசபெத் பாடிட்சாஸும் சகாக்களும் இன்னும் ஒரு படி போனார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கணினிப் பாடங்களின் 778 மதிப்பெண் பட்டியல்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 5.8 சதவீதத்தில் மட்டுமே ஒன்றுக்கு மேற்பட்ட திமில் இருக்கலாம் என்று கணக்கு காட்டியது. பிறகு ஆசிரியர்களிடம் சில வரைபடங்களைக் காட்டிக் கேட்டார்கள். வரும், வராது என்று மனிதரைப் பிரிக்க முடியும் என்று நம்பியவர்களின் கண்ணுக்குத்தான் இரண்டு திமில் அதிகம் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் பேத்தி படிக்கும் பாடத்தின் அவசியம் எனக்குப் புரிந்தது. கணினி ஆசிரியர்கள் இயந்திரத்தைப் படித்தவர்கள், மனிதர் எப்படிக் கற்கிறார் என்று கேட்கப் பழகாதவர்கள். 2002-லிருந்து சாலி ஃபின்ச்சர், மரியன் பீட்டர், ஜோஷ் டெனன்பர்க் ஆகியோர் இதற்கென்றே ஆசிரியர்களைக் கூட்டிப் பயிற்சிப் பட்டறை நடத்தினார்கள். 2005-ல் சியாட்டிலில் இந்தத் துறைக்குத் தனி ஆய்வு மாநாடே தொடங்கியது. கேள்வியை எப்படிக் கூர்மையாக்குவது, ஒப்பிட இன்னொரு கூட்டத்தை எப்படி வைப்பது, மாணவர் தப்பு செய்யும்போது திருத்தாமல் அவரை வாய்விட்டு யோசிக்கச் சொல்லிக் கேட்பது எப்படி, மாணவரின் சம்மதம் வாங்குவது எப்படி. இவையெல்லாம் பேத்தியின் பாடத்தில் உண்டாம்.

என் கதையை முடிக்கிறேன். டெஸ்பாட்சில் இருந்தபோது, என்னைவிட 15 வயது சின்னவரான ஒரு டைப்பிஸ்ட் அம்மா, "சார், அன்னிக்கு ஏன் தப்புன்னு சொன்னீங்க?" என்று கேட்டார். நான் சொன்னேன். அவர் ஒரு காலிப் பெட்டியை எடுத்து வைத்தார். "இது சமம் இல்ல சார். 'அ'ங்கிறது இந்தப் பெட்டி. உள்ள இருக்கிறத எடுங்க, ஒண்ணு கூட்டுங்க, திரும்ப இதுலயே போடுங்க. அவ்வளவுதான்." ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். ஓய்வு பெறும்வரை எங்கள் பிரிவின் சம்பளப் பட்டியலை நான்தான் கம்ப்யூட்டரில் போட்டேன்.

இதைப் பேத்தியிடம் சொன்னேன். "ஒருத்தர் கதையை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது, சின்னத் தாத்தா" என்றாள். சரிதான் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வகுப்புல அன்னிக்கு எத்தனை பேர் உங்களோட டெஸ்பாட்சுக்குப் போனாங்க?" என்று கேட்டாள். ஆறு பேர். மற்ற ஐந்து பேரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.