பெங்களூரு மேயர் பதவி

பெங்களூரு மேயர் பதவி 1949-இல் தோன்றியது. மாநகராட்சி மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதும், நகரின் முதல் குடிமகன் என்ற மரியாதையைப் பெறுவதும் இப்பதவிக்குரியவை. நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் கமிஷனரிடம் இருந்துவந்தது. 2020 செப்டம்பர் 10-இல் கவுன்சிலின் ஆயுள் முடிந்தபோது காலியான மேயர் நாற்காலி, ஐந்து ஆண்டு கழித்து அந்த மாநகராட்சியே ஐந்தாகப் பிரிக்கப்பட்ட நாளிலும் காலியாகவே இருந்தது. இவ்வளவு பெரிய நகரம் இவ்வளவு நாள் மேயர் இல்லாமல் எப்படி ஓடியது என்று கேட்டால், ஓராண்டுப் பதவிக்காலத்தைத்தான் பலரும் காரணமாகக் காட்டுவார்கள். ஆண்டுக்கொரு மேயர் வந்துபோனதால் பதவிக்குக் கனம் சேரவில்லை என்பது அவர்கள் கணக்கு. அது பாதி உண்மைதான். பெங்களூருக்கு எப்போதும் ஒன்றுக்கு மேற்பட்ட உரிமையாளர்கள் இருந்தார்கள். எந்தக் கை ஓங்கியதோ அந்தக் கை நகரின் நிலத்தையும் நீரையும் சாலையையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. அங்கியும் சங்கிலியும் மேயருக்குப் போயின. பதவியின் வரலாற்றை இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் அதன் திருப்பங்கள் புரியும்.

முதல் போட்டி இரண்டு ஊர்களுக்கு இடையே நடந்தது. 1537-இல் கெம்பே கவுடா எழுப்பிய பேட்டை ஒன்று. 1809-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பிரிட்டிஷ் படை இடம்பெயர்ந்து வந்ததால் எழுந்த தண்டு, அதாவது கண்டோன்மென்ட், மற்றொன்று. பேட்டையில் கன்னடமும் தெலுங்கும் ஒலித்தன. அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துத் தண்டில் தமிழும் உருதும் ஆங்கிலமும் ஒலித்தன. 1862-இல் இரண்டுக்கும் தனித்தனி நகரசபைகள் அமைந்தன. 1881-இல் மைசூர் அரசு உடையார்களிடம் திரும்பியபோது தண்டு மட்டும் திரும்பவில்லை. சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன் என்ற பெயரில் அது பிரிட்டிஷ் ரெசிடென்டின் ஆளுகையிலேயே நீடித்தது. கப்பன் பூங்காவுக்கு இந்தப் பக்கம் மகாராஜாவின் சட்டம், அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சட்டம். விடுதலைக்குச் சில வாரங்கள் முன்பு, 1947 ஜூலையில்தான் தண்டு மைசூர் அரசிடம் வந்து சேர்ந்தது. 1949-ஆம் ஆண்டுச் சட்டம் இரு நகரசபைகளையும் இணைத்து ஒரே மாநகராட்சியாக்கியது. மேயர் பதவி அப்போதுதான் பிறந்தது, ஆர். சுப்பண்ணா முதல் மேயரானார். 50 தொகுதிகள், 70 உறுப்பினர்கள் என்ற அளவில் 1950-இல் முதல் தேர்தல் நடந்தது. அறுபது ஆண்டுக்கும் மேல் வெவ்வேறு கொடிகளின் கீழ் இருந்த இரண்டு ஊர்களுக்கு ஒரே நாற்காலி. யாரும் அதில் நிலைகொள்ளாதபடி ஆண்டுதோறும் ஆள் மாற்றுவது அன்று சமரசத்துக்கு உதவியிருக்கலாம். அந்த ஏற்பாடு, காரணம் மறைந்தபின்னும் 70 ஆண்டு ஓடியதுதான் விசேஷம்.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. இந்தியாவில் எந்த மேயருக்குத்தான் அதிகாரம் இருக்கிறது, பெங்களூருக்கு மட்டும் தனிக் காரணம் தேடுவானேன்? சென்னையைப் பாருங்கள் என்பார்கள். 1688-இலேயே மாநகராட்சி கண்ட ஊர். ஆனால் 1973 தொடங்கி 1996 வரை அங்கே தேர்தலே நடக்கவில்லை. 2016-க்குப் பிறகும் ஆறு ஆண்டு மன்றம் இல்லை. வாதத்தில் நியாயம் இருக்கிறது. மாநில அரசுகள் மாநகராட்சிகளைப் பங்காளிகளைப்போலத்தான் பார்க்கின்றன. ஆனாலும் சென்னையில் 1996-இல் மக்கள் நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள், மு.க. ஸ்டாலின் அப்படித்தான் மேயரானார். கல்கத்தாவில் 1980-களிலிருந்து மேயரும் அவரது குழுவும் அமைச்சரவையைப்போல நிர்வாகம் நடத்துகிறார்கள். பெங்களூரில் இவ்விரண்டும் நடக்கவில்லை. மாநில அரசு அமைத்த கஸ்தூரிரங்கன் குழு நேரடித் தேர்தலைப் பரிந்துரைத்தும் நடக்கவில்லை. காரணம் எண்ணிக்கையில் இருக்கிறது. கர்நாடகச் சட்டமன்றத்தின் 224 இடங்களில் 28 பெங்களூரு மாநகரத்துக்குள் வருகின்றன. மக்கள் வாக்களித்து ஒரு மேயர் வந்தால், அவர் முதல்வருக்கு அடுத்தபடியாக மிகப் பெரிய வாக்காளர் கூட்டத்தின் ஆதரவு பெற்றவராக நிற்பார். எந்த முதல்வர் அப்படி ஒரு போட்டியாளரைத் தானே உருவாக்கிக்கொள்வார்?

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையிலேயே இந்த அச்சம் பதிந்திருந்தது. கவுன்சிலர்களோடு நகரத்து எம்.எல்.ஏ.க்கள், எம்.எல்.சி.க்கள், எம்.பி.க்களுக்கும் வாக்கு இருந்தது. 2015 ஆகஸ்ட் தேர்தலில் 198 வார்டுகளில் 100-ஐ பாரதிய ஜனதா வென்றது; காங்கிரஸுக்கு 76, மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கு 14. அறுதிப் பெரும்பான்மை பெற்ற கட்சி மேயர் பதவியைப் பிடிக்கவில்லை. சட்டமன்ற, மேலவை, நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாக்குகள் தராசைச் சாய்க்க, காங்கிரஸின் மஞ்சுநாத ரெட்டி மேயரானார். நான்கு ஆண்டுக்குப் பின், 2019 ஜூலையில் மாநில ஆட்சி பா.ஜ.க.வுக்கு மாறியது, அக்டோபரில் அக்கட்சியின் கௌதம் குமார் மேயரானார். இடையில் நகர மக்கள் கவுன்சிலுக்கு ஒருமுறைகூட வாக்களிக்கவில்லை. வார்டு மக்களின் தீர்ப்பைவிட, சட்டமன்றம் இருக்கும் விதான சவுதாவின் காற்றே மேயரைத் தீர்மானித்தது.

நாற்காலியை யார் பிடித்தாலும் கைக்கு வந்தது என்ன? பீன்யாவை எடுத்துக்கொள்ளலாம். நகரின் வடமேற்கே துமகூரு சாலையில், 1970-களில் உருப்பெற்ற தொழிற்பேட்டை இது. லேத் பட்டறை, முலாம் பூசும் கூடம், ஆயத்த ஆடைத் தொழிற்சாலை என்று சிறு, நடுத்தரத் தொழில்கள் நெருக்கியடித்து நிற்கும் இடம். 2007 வரை இது பெங்களூரு மாநகராட்சியில் இல்லை. தாசரஹள்ளி நகரசபையில் இருந்தது. அந்த ஆண்டு ஏழு நகரசபைகளையும் கெங்கேரி பேரூரையும் 110 கிராமங்களையும் பழைய மாநகராட்சியோடு சேர்த்து, புருஹத் பெங்களூரு மகாநகர பாலிகே உருவாக்கப்பட்டது. பீன்யா தொழிற்பேட்டை என்ற பெயரிலேயே ஒரு வார்டும் பிறகு வந்தது. பட்டறைக்காரர் சொத்து வரியை பாலிகேவுக்குக் கட்டிவந்தார். மனை ஒதுக்கியது மாநிலத் தொழில் வாரியம். குடிநீரும் கழிவுநீரும் 1964 சட்டத்தில் பிறந்த தனி வாரியத்தின் பொறுப்பு. மின்சாரம் பெஸ்காம் நிறுவனத்திடம். சாய நீர், அமில நீர் விவகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். நகர விரிவாக்கத் திட்டம் 1976-இல் அமைந்த வளர்ச்சி ஆணையத்திடம். பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் தனித்தனி நிறுவனங்கள். 2021 டிசம்பரில் பீன்யா மேம்பாலத்தின் 102, 103-ஆம் தூண்களுக்கு இடையே எஃகு வடங்கள் பழுதானது தெரிந்து பாலம் மூடப்பட்டது. கீழே லாரிகள் மைல் கணக்கில் தேங்கி நின்றன. பாலம் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. அன்று மேயர் என்று ஒருவர் இருந்திருந்தாலும் அவர் செய்திருக்கக்கூடியது ஒன்றுமில்லை. 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளை நகராட்சிகளுக்கென்று பட்டியலிட்டது. கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், கொடுக்கலாம் என்று மாநிலத்தின் விருப்பத்துக்கு விட்டதுதான் அதன் ஓட்டை.

மொழிப் போட்டியிலும் மேயர் ஓரமாகவே நின்றார். கன்னட சாகித்ய பரிஷத்தின் தலைவராகப் பின்னாளில் விளங்கிய ஜி. நாராயணா 1960-களில் மேயராக இருந்தவர். ஆகவே கன்னட இயக்கத்துக்கும் இந்த நாற்காலிக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. பெயர் மாற்றத்துக்கு 2006-இல் மாநகராட்சி மன்றம் தீர்மானம் போட்டதும் உண்டு. ஆனால் பெங்களூர் பெங்களூரு ஆனது 2014 நவம்பர் 1-இல், மத்திய அரசு ஒப்புதல் தந்து மாநில அரசு ஆணையிட்ட பிறகுதான். அல்சூரில் 1991-இல் நிறுவிய திருவள்ளுவர் சிலை 18 ஆண்டு மூடிக் கிடந்தது. அதன் திரையை விலக்கியது இரு மாநிலங்களின் அன்றைய முதல்வர்கள் எடியூரப்பாவும் கருணாநிதியும் செய்துகொண்ட ஏற்பாடு. 2009 ஆகஸ்ட் 9-இல் அல்சூரில் வள்ளுவர், சில நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர். தன் நகரத்தின் நெஞ்சைக் கீறிக்கொண்டிருந்த ஒரு பிரச்சினை தீரும்போது, பெங்களூரில் மேயரும் இல்லை, கவுன்சிலும் இல்லை.

ஓராண்டுச் சுழற்சியை ஆதரிப்போர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஆண்டுக்கு ஒருவர் என்பதால்தான் பெண்களும், பட்டியல் சாதியினரும், பிற்படுத்தப்பட்டோரும், சிறுபான்மையினரும் அந்த நாற்காலிக்கு வர முடிந்தது. பழைய மாநகராட்சியின் கடைசி மேயராக 2006-இல் இருந்தவர் மும்தாஜ் பேகம். 2016 தொடங்கி வந்த நால்வரில் பத்மாவதி, கங்காம்பிகே மல்லிகார்ஜுன் என இருவர் பெண்கள். சம்பத் ராஜ் தலித். பெரும்பான்மைச் சாதிகளின் பிடியில் உள்ள அரசியலில் இது சின்ன விஷயமில்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது, கோப்புகளைப் படித்து முடிக்குமுன் கைமாறிய பதவி. பதவிக்காலத்தை நீட்டினால் எல்லாம் சரியாகும் என்ற வாதமும் சோதிக்கப்பட்டுவிட்டது. 2020-ஆம் ஆண்டு பாலிகே சட்டம் மேயருக்கு 30 மாதம் தந்தது. அச்சட்டத்தின் கீழ் ஒரே ஒரு மேயர்கூடப் பதவி ஏற்கவில்லை.

ஏன் ஏற்கவில்லை என்பதுதான் கதையின் உச்சம். ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு. 2006 நவம்பரில் கவுன்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2010 மார்ச்சில். பீன்யாவைப் பொறுத்தவரை, இருந்த நகரசபையும் போய், சேர்ந்த பாலிகேயிலும் பிரதிநிதி இல்லாத மூன்று ஆண்டு அது. 2015-இல் கவுன்சிலைக் கலைத்து நகரத்தைப் பிரிக்க முனைந்த அரசை நீதிமன்றம்தான் தேர்தலுக்கு இழுத்துவந்தது. 2020-இல் மறுபடி அதே ஆட்டம். டிசம்பர் 4-இல் 198 வார்டுகளுக்கே தேர்தல் நடத்த உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு வாரத்தில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. வார்டுகள் 243 ஆயின. 2023-இல் ஆட்சி மாறியதும் 225 ஆயின. பா.ஜ.க., காங்கிரஸ் என்ற வேறுபாடு இதில் எள்ளளவும் தெரியவில்லை. கவுன்சில் இல்லாத காலத்தில் அரசு நியமித்த நிர்வாக அதிகாரியின் கீழ் குப்பை அள்ளப்படவில்லையா, சாலை போடப்படவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. போடப்பட்டது. குழி விழுந்தால் வார்டு மக்கள் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்பதற்குத்தான் பதில் இல்லாமல் போனது. கவுன்சிலர் இல்லாத இடத்தை எம்.எல்.ஏ. நிரப்பினார். எம்.எல்.ஏ.க்களுக்கு அது நல்ல காலம். தேர்தலுக்கு அவசரப்பட அவர்களுக்கு என்ன தேவை?

2024-ஆம் ஆண்டு கிரேட்டர் பெங்களூரு ஆட்சிமுறைச் சட்டம் 2025 மே 15-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பாலிகே மறைந்து மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகள் உதயமாயின. ஒரு கோடியைத் தாண்டிய நகரத்தை ஓர் அலுவலகம் ஆள முடியாது என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம், மாநில அரசு அமைத்த பி.எஸ். பாட்டீல் குழு முன்பே இதைச் சொன்னது. அளவு பற்றிய கவலை பொய்யில்லை. ஆனால் டெல்லி மாநகராட்சியை 2012-இல் மூன்றாக்கி, சம்பளம் கொடுக்க முடியாத சங்கடங்களுக்குப் பின் 2022-இல் மீண்டும் ஒட்டியதும் அண்மைய அனுபவம்தான். லண்டனில் 32 பரோக்கள் தனித்தனியே இயங்குகின்றன. அவற்றுக்கு மேலே 2000 முதல் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு மேயர் இருக்கிறார். பெங்களூரில் ஐந்துக்கும் மேலே அமைந்த ஆணையத்துக்கு முதல்வரே தலைவர். இதுவரை வாரியங்கள் வழியாக மறைமுகமாக நடந்த மாநில ஆளுகை இப்போது சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. ஒரு வகையில் இது நேர்மையான ஏற்பாடு என்றும் சொல்லலாம். நகரத்தை யார் ஆள்கிறார் என்று இனி யாரும் குழம்ப வேண்டாம். புதிய சட்டத்திலும் மேயரின் காலம் 30 மாதம். முன்பு ஐந்தாண்டில் ஐந்து மேயர்கள் வந்தார்கள். இனி ஐந்து மாநகராட்சிகளுக்கும் சேர்த்து, அதே ஐந்தாண்டில் பத்து பேர் வருவார்கள். தேர்தல் காலத்தோடு நடந்தால்.