கிண்டிலுக்கு நிறம் வர 17 ஆண்டுகள் ஆனது ஏன்? வண்ண மின்காகிதத்தின் சிக்கல் என்ன?

அமேசானின் முதல் கிண்டில் 2007 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. மின்காகிதத் திரையிலேயே நிறம் காட்டும் முதல் கிண்டிலான கலர்சாஃப்ட் வெளிவர 2024 அக்டோபர் ஆகிவிட்டது. இடைப்பட்ட 17 ஆண்டுகளில் உங்கள் கைபேசித் திரை எங்கோ போய்விட்டது. படிக்கும் கருவி மட்டும் ஏன் கறுப்பு வெள்ளையிலேயே நின்றது? நிறத்துக்கு வாடிக்கையாளர் இல்லாமல் இல்லை. இயற்பியல்தான் ஒத்துழைக்கவில்லை.

ஒரு சின்ன தெளிவு. இ-பேப்பர் என்றதும் நாளிதழின் பிடிஎஃப் பக்கம் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது அது இல்லை. இ-ரீடர்களில் இருக்கும் திரையைப் பற்றி.

கையிருப்பே குறைவு

கைபேசித் திரை தானே ஒளி விடுகிறது. மின்காகிதம் தன் மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அச்சுக் காகிதம் மாதிரியே. எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் பிறந்து 1997-ல் நிறுவனமான இ-இங்க்கின் வழி இது: தலைமுடியின் தடிமன் அளவே உள்ள நுண்குமிழ்கள், அவற்றுக்குள் தெளிந்த திரவம், அதில் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளை, கறுப்புத் துகள்கள். மின்புலத்தை மாற்றினால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். வந்த துகள் அப்படியே நிற்கும் என்பதால் பக்கம் மாறும்போது மட்டும் மின்சாரம் போதும். பேட்டரி வாரக்கணக்கில் வருவதும், வெயிலில் சிரமமில்லாமல் படிக்க முடிவதும் இதனால்தான்.

ஆனா, இந்தத் திரையின் வெள்ளை முழு வெள்ளை கிடையாது. செய்தித்தாள் தன் மேல் விழும் ஒளியில் சுமார் 60 சதவீதத்தைத் திருப்பித் தரும். நல்ல கறுப்பு-வெள்ளை மின்காகிதம் தருவது 40 முதல் 45 சதவீதம். நிறத்துக்கு ஆகும் செலவையும் இதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

இன்றைய வண்ண இ-ரீடர்களில் பெரும்பாலானவை செய்வது எளிய வேலை: கறுப்பு-வெள்ளைத் திரையின் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிக் கட்டங்களைப் பரப்புவது. ஒவ்வொரு வடிகட்டியும் தன் நிறத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை விழுங்கும். அதாவது மூன்றில் இரண்டு பங்கு ஒளி போய்விடும். 42 சதவீத வெள்ளை 14 ஆகிவிடும். அதை யாரும் வெள்ளை என்று சொல்ல மாட்டார்கள். சரி, வடிகட்டியை வெளிறலாக்கினால்? வெள்ளை மீளும், நிறம் சாயம் போன துணி மாதிரி ஆகிவிடும். பக்கம் முழுக்கச் சிவப்பு வேண்டும் என்றாலும் மூன்றில் ஒரு கட்டம்தான் சிவப்பு, மற்ற இரண்டும் கறுப்பு. பளிச்சென்ற சிவப்பு வருவதற்கு வழியே இல்லை.

2010-ல் வந்த ட்ரைடன் திரை இந்த இடத்தில்தான் அடிவாங்கியது. 2022-ல் அறிவிக்கப்பட்ட கலைடோ 3 எவ்வளவோ மேல். ஆனால் அதன் கணக்கையும் பாருங்கள்: எழுத்துக்கு ஒரு அங்குலத்தில் 300 புள்ளிகள், நிறத்துக்கு 150 மட்டுமே. காட்டக்கூடிய நிறங்கள் 4,096. சாதாரண கைபேசித் திரையில் இது சுமார் 1.67 கோடி. மங்கலை ஈடுகட்ட உள்விளக்கைக் கூட்ட வேண்டியிருக்கிறது, அது பேட்டரியைத் தின்கிறது.

வடிகட்டியே வேண்டாம் என்றால்?

ஆஃப்செட் அச்சகம் செய்வதைப் போல நிறத்தையே கலந்துவிடலாம். இ-இங்க்கின் கேலரி 3 திரையில் ஒவ்வொரு புள்ளியிலும் சியான், மெஜந்தா, மஞ்சள், வெள்ளை என நான்கு வகைத் துகள்கள் உண்டு. 50,000-க்கும் மேற்பட்ட நிறங்கள், நிறத்திலும் 300 புள்ளிக் கூர்மை. இங்கே விலை நேரம். நான்கையும் வேண்டிய அடுக்கில் நிறுத்த, முன்னும் பின்னும் பலமுறை தள்ள வேண்டும். அப்போது திரை மினுக்கும். கறுப்பு-வெள்ளைப் பக்கத்துக்கு 0.35 விநாடி, சிறந்த வண்ணத்துக்கு 1.5 விநாடி என்கிறது நிறுவனம். அந்த நேரத்தில் சினிமாவில் 36 ஃபிரேம் ஓடிவிடும். 2024-ல் வந்த ரீமார்க்கபிள் பேப்பர் ப்ரோ இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் கட்டப்பட்டதுதான்.

வேறு வழியைத் தேடியவர்கள் பட்டபாடு பெரியது. ஃபுஜிட்சு 2009-ல் ஜப்பானில் விற்ற ஃப்ளெப்பியா 2,60,000 நிறங்கள் காட்டியது. ஒரு பக்கம் முழு நிறத்தில் வர சுமார் 8 விநாடி, விலை 99,750 யென்! பட்டாம்பூச்சி இறக்கையில் நிறமியே இல்லாமல் நிறம் தெரிகிறதே, அந்த உத்தியைப் பிடித்த குவால்காமின் மிராசோல் 2011-ல் தென்கொரியாவில் ஒரு ரீடராக வந்தது. அடுத்த ஆண்டே நேரடித் தயாரிப்பிலிருந்து நிறுவனம் ஒதுங்கிக்கொண்டது. வீடியோ வேகத்தில் மாறும் திரையைக் கையில் வைத்திருந்த லிக்காவிஸ்டாவை அமேசான் 2013-ல் வாங்கியது. அதை வைத்து ஒரு கிண்டிலும் வரவில்லை.

அப்படியானால் எதை வாங்குவது? நாவல், கட்டுரை மட்டும் படிப்பவர் என்றால் கறுப்பு-வெள்ளைதான் இன்றும் மேல். தாள் வெளுப்பாக இருக்கும், எழுத்து துல்லியமாக நிற்கும், விலையும் குறைவு. பாடப்புத்தகம், வரைபடம், காமிக்ஸ் என்றால் கதை வேறு. உயிரியல் படத்தில் தமனியையும் சிரையையும் பிரித்துக் காட்ட வெளிறிய சிவப்பும் நீலமும்கூடப் போதும். புகைப்படங்களுக்கு இந்தத் திரைகள் இன்னும் தயாராகவில்லை, அதற்கு டேப்லெட்டே சரி.

கடையிலோ நண்பரிடமோ வண்ண ரீடரைக் கையில் எடுத்தால் முதலில் உள்விளக்கை முழுதாக அணைத்துவிடுங்கள். பிறகு, நீங்கள் வழக்கமாகப் படிக்கும் டியூப்லைட் வெளிச்சத்தில், பக்கத்திலேயே ஒரு கறுப்பு-வெள்ளை ரீடரை வைத்துப் பாருங்கள்.