நாள்பட்ட ஹெபடைடிஸ் பி: கூட்டு மருந்துச் சிகிச்சையின் வரலாறு

ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் புகுந்து ஆறு மாதங்களுக்கு மேலும் நீங்காமல் தங்கிவிடும் நிலை நாள்பட்ட ஹெபடைடிஸ் பி எனப்படும். அத்தகையவர்களுக்கு இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வைரஸ் எதிர்ப்பு மருந்துகளை ஒருசேரவோ அடுத்தடுத்தோ கொடுப்பது கூட்டு மருந்துச் சிகிச்சை ஆகும். 2022-ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஏறத்தாழ 25.4 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. காசநோயையும் எச்.ஐ.வி.யையும் ஒற்றை மருந்தால் அடக்க முடியாதபோது கூட்டு மருந்துகள் அடக்கிக் காட்டியதால், இந்நோயிலும் அவ்வாறே நிகழும் என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் வலுவாக இருந்தது. அந்த நம்பிக்கை முழுமையாகப் பலிக்கவில்லை. அதற்கான காரணம் வைரஸ் பெருகும் முறையிலேயே இருக்கிறது.

கல்லீரல் உயிரணுவுக்குள் நுழையும் வைரஸ், தன் மரபுப்பொருளான டி.என்.ஏ.வை அதன் உட்கருவுக்குள் கொண்டுபோய், முனைகளற்ற மூடிய வளையமாக மாற்றிக்கொள்கிறது. இவ்வளையமே மூலப்படி, இதிலிருந்து ஆர்.என்.ஏ. நகல்கள் எழுதப்படுகின்றன. அந்த ஆர்.என்.ஏ.வைப் பார்த்து மீண்டும் டி.என்.ஏ. எழுதும் தலைகீழ்ப் படியெடுப்பை வைரஸின் பாலிமரேஸ் என்னும் நொதி செய்கிறது. வாத்துகளைத் தாக்கும் இதன் இனவைரஸைக் கொண்டு இந்தச் சுழற்சியை ஜெஸ்ஸி சம்மர்ஸும் வில்லியம் மேசனும் 1982-இல் நிறுவினர். பின்னாளில் வந்த லாமிவுடின், அடிஃபோவிர், என்டெகாவிர், டெனோஃபோவிர் ஆகிய மாத்திரைகள் யாவும், டி.என்.ஏ.வின் கட்டுமானக் கூறுகளைப் போல வேடமிட்டு அந்த நொதியை ஏமாற்றி, எழுதப்படும் சங்கிலியை இடையிலேயே நிறுத்திவிடுபவை. உட்கருவில் இருக்கும் மூலப்படியை அவை நேரடியாகத் தொடுவதில்லை. ஆகவே இம்மாத்திரைகளில் இரண்டைச் சேர்த்துக் கொடுப்பது, ஒரே கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுவதற்கே ஒப்பாகும்.

சிகிச்சையின் தொடக்கம் 1970-களைச் சேர்ந்தது. உடல் தானே சுரக்கும் நோயெதிர்ப்புப் புரதமான இன்டர்ஃபெரானை ஊசிவழியாகச் செலுத்தினால் இரத்தத்தில் வைரஸின் அடையாளங்கள் குறைகின்றன என்பதை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 1976-இல் வெளியிட்டனர். அதனோடு விடரபின் என்ற மருந்தை இணைத்துப் பார்த்த 1980-களின் ஆய்வுகளே இத்துறையின் முதல் கூட்டு முயற்சிகள் எனலாம். நரம்புகளைப் பாதிக்கும் நச்சுத்தன்மை அம்முயற்சியைக் கைவிடச் செய்தது. பிரட்னிசோன் என்னும் ஸ்டீராய்டைச் சில வாரங்கள் கொடுத்து நிறுத்திய பின் இன்டர்ஃபெரானைத் தொடங்கும் முறையும் பரிசோதிக்கப்பட்டது; 1990-இல் வெளியான பெரிய ஆய்வு, இன்டர்ஃபெரானைத் தனியே கொடுத்ததைவிட அதனால் பெரும்பாலானோருக்குத் தெளிவான கூடுதல் நன்மை இல்லை எனக் காட்டியது.

அதே காலத்தில் சென்னையிலிருந்தும் ஒரு குரல் எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், இவ்வைரஸின் மேற்பரப்புப் புரதத்தைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் உள்ளிட்ட குழுவினர், மஞ்சள் காமாலைக்குத் தமிழ்நாட்டில் வழிவழியாகக் கொடுக்கப்படும் கீழாநெல்லியை ஆராய்ந்து 1988-இல் லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டனர். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கும், வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கும் மேற்பரப்புப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது என்பது அவர்களின் முடிவு. பிற இடங்களில் நடந்த பின்னாளைய ஆய்வுகளில் இந்த விளைவு திரும்பக் கிடைக்கவில்லை. கீழாநெல்லியை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்தானது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். திடீரென மருந்தை நிறுத்தும்போது வைரஸ் மீண்டும் பெருகிக் கல்லீரல் செயலிழக்கும் அளவுக்கு நோய் சீறுவதுண்டு.

எச்.ஐ.வி.க்காக உருவாக்கப்பட்ட லாமிவுடின் 1998-இல் அமெரிக்காவில் ஹெபடைடிஸ் பி-க்கும் ஒப்புதல் பெற்றபோது, நாளொன்றுக்கு ஒரு மாத்திரை, பக்கவிளைவு மிகக் குறைவு என்ற நிலை நோயாளிகளுக்குப் பெரும் ஆறுதலாக அமைந்தது. அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. பாலிமரேஸ் நொதியின் செயல்மையத்தில் டைரோசின், மெத்தியோனின், இரண்டு ஆஸ்பார்டேட் என வரிசையாக அமைந்த நான்கு அமினோ அமிலங்களில், மெத்தியோனின் இருக்குமிடத்தில் வேலினோ ஐசோலியூசினோ வந்து அமர்ந்துவிட்டால் போதும், லாமிவுடின் அங்கே பொருந்தாமல் போய்விடும். இந்த ஓரெழுத்து மாற்றம் ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடம் தோன்றியது.

மருந்தெதிர்ப்பே கூட்டுச் சிகிச்சையை மருத்துவமனைகளின் அன்றாட வழக்கமாக்கியது. பிராகாவின் அன்டோனின் ஹோலியும் பெல்ஜியத்தின் எரிக் டி கிளெர்க்கும் உருவாக்கிய மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த அடிஃபோவிர் 2002-இல் வந்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் 10 மில்லிகிராம் என்ற குறைந்த அளவிலேயே அதைக் கொடுக்க முடிந்தது. அதனால் அதன் வலிமையும் குறைவாகவே இருந்தது. லாமிவுடினுக்கு மசியாத வைரஸ் உடையவர்களை அடிஃபோவிருக்கு மாற்றிவிடுவதா, லாமிவுடினைத் தொடர்ந்தபடியே அதைச் சேர்ப்பதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. மாற்றியவர்களிடம் அடிஃபோவிருக்கும் எதிர்ப்பு எளிதில் தோன்ற, சேர்த்தவர்களிடம் அது அரிதாகவே தோன்றியது. சிகிச்சையே பெறாதவர்களுக்குத் தொடக்கத்திலேயே இரண்டையும் கொடுத்த ஆய்வில், 104 வாரங்களின் முடிவில் லாமிவுடின் எதிர்ப்பு கூட்டு மருந்து பெற்றோரில் 15 விழுக்காடாகவும், லாமிவுடின் மட்டும் பெற்றோரில் 43 விழுக்காடாகவும் இருந்தது. இரு வலுவற்ற மருந்துகள் ஒன்றையொன்று காத்துக்கொண்டன என்பதே இதன் பொருள். வைரஸை அடியோடு அகற்றும் ஆற்றல் அக்கூட்டுக்கு இல்லை.

வாரம் ஒருமுறை போடப்படும் பெக்-இன்டர்ஃபெரானுடன் லாமிவுடினைச் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளே அதிகம் எதிர்பார்க்கப்பட்டவை. ஒன்று நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டுவது, மற்றொன்று நொதியைத் தடுப்பது என்பதால் இரண்டும் உண்மையிலேயே வெவ்வேறு வழியில் செல்பவை. 2005-இல் லான்செட்டில் வெளியான ஆய்வில், வைரஸ் தீவிரமாகப் பெருகுவதைக் காட்டும் ‘இ’ ஆன்டிஜென் சிகிச்சை முடிந்த நாளில் கூட்டுப் பிரிவினரில் 44 விழுக்காட்டினரிடமும், ஊசி மட்டும் பெற்றவர்களில் 29 விழுக்காட்டினரிடமும் மறைந்திருந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது முறையே 35, 36 என இரு பிரிவும் சமமாகிவிட்டன. மருந்து இருக்கும்வரை தெரிந்த நன்மை, மருந்து நின்றதும் கரைந்துபோனது.

2005-இல் என்டெகாவிரும் 2008-இல் டெனோஃபோவிரும் வந்த பின், இவற்றுக்கு எதிர்ப்பு அரிதாகவே தோன்றியதால், மருந்தெதிர்ப்பைத் தடுப்பதற்காக மருந்துகளைக் கூட்டும் தேவையே பெரிதும் மறைந்தது. புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர்களில் இவ்விரண்டையும் சேர்த்து, என்டெகாவிர் மட்டும் கொடுத்ததோடு ஒப்பிட்ட 2012-ஆம் ஆண்டு ஆய்வில், 96 வாரங்களில் வைரஸ் அடங்கியோர் முறையே 83, 76 விழுக்காட்டினர். புள்ளியியல் நோக்கில் இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. ‘இ’ ஆன்டிஜென் உள்ளவர்களில், ஒரு மில்லிலிட்டரில் 10 கோடி அலகுகளும் அதற்கு மேலும் வைரஸ் இருந்தவர்களிடம் மட்டும் கூட்டு மருந்து சற்றே முந்தியது.

எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி-யும் ஒருங்கே உள்ளவர்களுக்குக் கூட்டு மருந்து இன்றும் தவிர்க்க முடியாதது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் அடங்கிய ஒற்றை மாத்திரையில் முதலிரண்டு இரு வைரஸ்களையும் ஒருசேரத் தாக்குகின்றன. டெனோஃபோவிர் தனித்துக் கிடைக்காத இடங்களில், அதனோடு லாமிவுடின் அல்லது எம்ட்ரிசிடபின் சேர்ந்த மாத்திரையைக் கொடுக்கலாம் என 2024-ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் கூறுகிறது. இது மருந்தியல் தேவையால் எழுந்ததன்று, எச்.ஐ.வி. திட்டங்களின் வழியே அம்மாத்திரை மலிவாக எங்கும் கிடைப்பதே காரணம்.

இப்போதைய கூட்டு முயற்சிகளின் இலக்கு வேறு. வைரஸை அடக்குவதோடு நில்லாமல், மருந்தை நிறுத்திய பின்னும் மேற்பரப்புப் புரதம் தோன்றாத ‘செயல்நிலைக் குணம்’ நாடப்படுகிறது. டெனோஃபோவிரையும் பெக்-இன்டர்ஃபெரானையும் 48 வாரங்கள் சேர்த்துக் கொடுத்து 2016-இல் வெளியான ஆய்வில், 72-ஆம் வாரத்தில் 9.1 விழுக்காட்டினரிடம் அப்புரதம் மறைந்தது. ஊசி மட்டும் பெற்றோரில் 2.8 விழுக்காட்டினரிடம் மறைந்தது, டெனோஃபோவிர் மட்டும் உட்கொண்டோரில் ஒருவரிடமும் மறையவில்லை. வைரஸின் ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கச் செய்யும் பெபிரோவிர்சன் என்ற மருந்து, 24 வார ஊசிகளுக்குப் பின் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் இத்தகைய பலனைத் தந்ததாக 2022-இல் செய்தி வந்தது. அதைத் தொடர்ந்து பெக்-இன்டர்ஃபெரானைக் கொடுத்து, மீண்டும் தலைதூக்கும் வைரஸைக் குறைக்க முடியுமா என்றும் ஆராயப்பட்டுள்ளது. உட்கருவில் இருக்கும் மூடிய வளையத்தையே அழிக்கும் மருந்து எதுவும் இன்னும் நோயாளிகளின் பயன்பாட்டுக்கு வரவில்லை.